பெண்ணின் தலையில் கட்டி: நியூரோ ஓப்பியில் கேட்கப்படாத கேள்விகள்

ஸ்கேனில் கட்டி தெரிகிறது என்றதும் வீட்டார் கேட்கும் முதல் கேள்வி, 'கேன்சரா?' அடுத்தது, 'ஆபரேஷன் வேணுமா?' நோயாளி பெண்ணாக இருந்தால் அதே நாளில் கேட்டாக வேண்டிய வேறு சில கேள்விகளும் உண்டு. கடைசி மாதவிலக்கு எப்போது? கர்ப்பமாக இருக்கிறாளா, பால் கொடுக்கிறாளா? கருத்தடைக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறாளா? இனி பிள்ளை வேண்டும் என்ற எண்ணம் உண்டா? இந்தப் பதில்களைப் பொறுத்து, கட்டி என்ன வகை என்ற ஊகமே மாறலாம். மாத்திரை மாறலாம். சில சமயம் அறுவை சிகிச்சையே தேவைப்படாமலும் போகலாம். ஆனால் மூளைக்கு ஒரு ஓப்பி, கர்ப்பப்பைக்கு ஒரு ஓப்பி, சுரப்பிகளுக்கு ஒரு ஓப்பி என்று பிரிந்து கிடக்கும் மருத்துவமனைகளில், எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் பொறுப்பு நோயாளியிடமும் கூட வருபவரிடமும்தான் வந்து நிற்கிறது.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இதோடு மாநில எல்லையும் சேர்ந்துகொள்கிறது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டன. என்றாலும் தலைக்குள் பிரச்சினை என்றால் இன்றும் பலரும் கேரள எல்லையான களியக்காவிளையைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் போகிறார்கள். மார்த்தாண்டத்திலிருந்து ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில், ஒரே மெடிக்கல் காலேஜ் வளாகத்தில், ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனமும் 1981-இல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையமும் இருக்கின்றன. சித்ரா, ஆர்.சி.சி. என்றால்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். செங்கோட்டைக்காரர்கள் ஆரியங்காவு வழியாக அங்கே வருகிறார்கள். மூணாறு தோட்டத்துத் தமிழர்கள் கோட்டயத்துக்கோ தேனிக்கோ இறங்குகிறார்கள். ஸ்கேன் ஒரு மாநிலத்தில், அறுவை இன்னொரு மாநிலத்தில், தையல் பிரிப்பதும் ரத்தப் பரிசோதனையும் மறுபடி ஊரில் என்று சிகிச்சை துண்டு துண்டாக நடக்கும்போது விட்டுப்போகும் விவரங்கள் அதிகம்.

வேறு பெயர் சூட்டப்படும் அறிகுறிகள்

ஒற்றைத் தலைவலி ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் மூன்று மடங்கு அதிகம். அதனால் தலைவலி என்று வரும் பெண்ணுக்கு அந்தப் பெயரே முதலில் கிடைக்கிறது. ஊரில் நீர்க்கோவை என்று பற்றுப் போடுவார்கள். நாற்பத்தைந்து வயதுக்கு மேல் என்றால் மாதவிலக்கு நிற்கும் காலத்துக் கோளாறு, இளம்பெண் என்றால் ரத்தசோகை. இவை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். தலைவலிக்காரர்களில் மிகச் சிலருக்கே கட்டி இருக்கிறது. ஆனால் பழைய தலைவலியின் குணம் மாறினால் கவனிக்க வேண்டும். விடியற்காலையில் எழும்போதே வலிப்பது, குனிந்தாலோ இருமினாலோ முக்கினாலோ கூடுவது, வாந்தி எடுத்ததும் சற்றுத் தணிவது, வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போவது ஆகியவை தலைக்குள் அழுத்தம் கூடுவதைக் காட்டும். முப்பது வயதுக்கு மேல் முதன்முறையாக வலிப்பு வந்தால் ஸ்கேன் எடுக்காமல் மாத்திரை மட்டும் தொடங்குவது தவறு. கை ஒன்று மட்டும் வெட்டிவெட்டி இழுப்பது, சில நொடிகள் பேச்சு நின்று வெறித்துப் பார்ப்பது, இல்லாத நாற்றம் திடீரென்று அடிப்பது ஆகியவையும் வலிப்பின் வகைகளே.

நெற்றிப் பகுதியில் மெதுவாக வளரும் கட்டி வலியே தராமல் ஆளை மாற்றும். சுறுசுறுப்பாக இருந்தவள் குளிக்கக்கூடச் சொல்ல வேண்டிய நிலைக்கு வருவாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தாலும் எழமாட்டாள். மூக்குக்கு மேல் உள்ள பள்ளத்தில் கட்டி இருந்தால் மோப்பம் போய்விடுவதால் தீய்ந்த வாடையும் தெரியாது, கேஸ் கசிவதும் தெரியாது. வீட்டார் இதைச் சோம்பல் என்பார்கள், அல்லது மனநல மருத்துவரிடம் கூட்டிப்போவார்கள். மனச்சோர்வுக்கு மருந்து கொடுத்தும் மாற்றமில்லை, மோப்பமும் குறைந்திருக்கிறது என்றால் தலை ஸ்கேன் கேட்பது நியாயம்.

கர்ப்பிணிகளுக்கு வாந்தி வந்தால் மசக்கை என்று தள்ளிவிடுவது எளிது. மசக்கை பெரும்பாலும் நான்காம் ஐந்தாம் மாதத்தில் அடங்கும். அதற்குப் பிறகும் தலைவலியோடு வாந்தி தொடர்ந்தாலோ பார்வை மங்கினாலோ ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், கண்ணின் அடிப்பகுதியைச் சோதிக்க வேண்டும். கர்ப்பகாலத்தில் ரத்தக்கொதிப்பும் மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவதும்தான் கட்டியைவிட அதிகம் நடப்பவை. மூன்றுமே அவசரம்தான். கர்ப்பத்தில் எம்.ஆர்.ஐ. எடுக்கலாம். ஊசி வழியாக ஏற்றும் கடோலினியம் மருந்தை மட்டும் தவிர்ப்பார்கள்.

எந்தக் கட்டி என்பதைப் பொறுத்தது

பெண்களிடம் அதிகம் காணப்படுவது மெனிஞ்சியோமா. மூளையில் முளைக்காமல், மூளையைச் சுற்றியுள்ள உறையில் முளைத்து உள்நோக்கி அழுத்தும் கட்டி இது. ஆண்களைவிடப் பெண்களுக்குச் சுமார் இரண்டு மடங்கு. ஏறக்குறைய எண்பது சதவீதம் முதல் தரத்தில், அதாவது புற்றாக மாறாத நிலையில் இருப்பவை. இந்தக் கட்டியின் செல்களில் பெரும்பாலானவற்றில் புரோஜெஸ்டிரோன் என்ற பெண் ஹார்மோனுக்கான ஏற்பிகள் இருக்கின்றன. கர்ப்பகாலத்தில் சிலருக்குக் கட்டி சட்டென்று பெருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இங்கேதான் கருத்தடைக் கேள்வி வருகிறது. 2024-இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்ட ஆய்வு, மெனிஞ்சியோமாவுக்கு அறுவை செய்துகொண்ட 18,061 பெண்களின் மருந்துப் பதிவுகளைப் பார்த்தது. மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் ஊசியை ஓராண்டுக்கு மேல் போட்டவர்களுக்கு இந்த அறுவை தேவைப்படும் வாய்ப்பு 5.6 மடங்காக இருந்தது. 2017-இல் மத்திய அரசு 'அந்தரா' என்ற பெயரில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இலவசமாகக் கொடுக்கத் தொடங்கிய, மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி இதே மருந்துதான். பயந்து எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. மெனிஞ்சியோமாவே அரிதான நோய், அரிதானது ஐந்தரை மடங்கானாலும் அரிதாகவே இருக்கும். ஆனால் மெனிஞ்சியோமா இருப்பது தெரிந்துவிட்ட பெண்ணுக்கு இந்த ஊசி கூடாது. இதைச் சொல்லவேண்டியது ஊசி போடும் கிராம சுகாதார செவிலியரிடம். அவருக்கு நியூரோ ஓப்பியில் நடந்தது தெரிய வழியில்லை. சைப்ரோடிரோன் என்ற மருந்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முகத்தில் முடி வளர்வதற்கும் சினைப்பைக் கோளாறுக்கும் தரும் சில மாத்திரைகளில் அது இருக்கும். லெவோநார்ஜெஸ்ட்ரல் உள்ள கர்ப்பப்பைச் சாதனத்தில் அந்த ஆய்வு இத்தகைய ஆபத்தைக் காணவில்லை. காப்பர் டியில் ஹார்மோனே இல்லை.

இரண்டாவது, மூளையின் அடியில் இருந்து ஹார்மோன்களைச் சுரக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் வரும் கட்டி. அதில் புரோலாக்டினோமா என்ற வகை இளம்பெண்களிடம் அதிகம். மாதவிலக்கு தள்ளிப்போகும், பிறகு நின்றுவிடும். பிள்ளை பெறாதவளுக்கும் மார்பில் பால் கசியும். கரு தங்காது. இவற்றோடு வரும் பெண் பல மாதங்கள் கருத்தரிப்பு மையத்திலோ, சினைப்பை நீர்க்கட்டி மருந்திலோ கழித்துவிடுகிறாள். தேவை ஒரு ரத்தப் பரிசோதனை: புரோலாக்டின். மில்லிலிட்டருக்கு 25 நானோகிராமுக்குள் இருக்க வேண்டிய அளவு 200-ஐத் தாண்டினால் கட்டி இருக்க வாய்ப்பு அதிகம். சற்று மட்டும் கூடியிருந்தால் உடனே தலை ஸ்கேனுக்கு ஓட வேண்டாம். கர்ப்பமா என்று முதலில் பார்க்க வேண்டும். தைராய்டு குறைவும் இதைக் கூட்டும். வாந்திக்குத் தரும் டோம்பெரிடோன், வாயுத்தொல்லைக்குப் பான்டோபிரசோலோடு சேர்த்துத் தரும் லெவோசல்பிரைடு, சில மனநல மருந்துகள் ஆகியவையும் கூட்டும். மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாதக்கணக்கில் வாங்கித் தின்னும் 'கேஸ் மாத்திரை'யால் பால் கசியும் பெண்கள் உண்டு. மாத்திரையை நிறுத்தி மறுபடி ரத்தம் பார்த்தாலே விஷயம் தெளிந்துவிடும்.

புரோலாக்டினோமாவுக்கு முதல் சிகிச்சை கத்தி இல்லை, கபெர்கோலின் மாத்திரை. வாரத்துக்கு இரண்டு நாள் 0.25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் எடுத்தால் குமட்டலும் தலைசுற்றலும் குறையும். பெரும்பாலானவர்களுக்குக் கட்டி சுருங்குகிறது. ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்: நின்றுபோன மாதவிலக்கு திரும்பும் முன்பே கருமுட்டை வெளிவரத் தொடங்கிவிடும். அதாவது முதல் தீட்டு வருவதற்கு முன்னமே கர்ப்பம் தங்கலாம். பிள்ளை வேண்டாதவர்கள் மாத்திரை தொடங்கிய நாளிலிருந்தே பாதுகாப்பு எடுக்க வேண்டும். கர்ப்பம் தங்கினால் சிறிய கட்டிக்காரர்களுக்குப் பெரும்பாலும் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். கட்டி ஒரு சென்டிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் கர்ப்பகாலம் முழுக்கப் பார்வைப் பரப்பைச் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். கட்டி பெருத்தால் அழுத்தப்படும் கண் நரம்பு அதற்கு நேர் மேலே இருக்கிறது. இரு பக்க ஓரப் பார்வையும் போய், வாசல் நிலையில் தோளை இடித்துக்கொள்வது அதன் அடையாளம்.

மூளைத் திசுவிலேயே முளைக்கும் கிளியோமா ஆண்களிடம் சற்று அதிகம், பெண்களுக்கும் வருகிறது. அதில் கடுமையானது கிளியோபிளாஸ்டோமா. அறுவை, முப்பது நாள் கதிர்வீச்சு, டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரை என்ற முறை 2005-இல் உறுதியானது. அந்த ஆய்வில் நடுமதிப்பு ஆயுள், அதாவது பாதிப் பேர் உயிரோடிருந்த காலம், 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூடியது. குறைவான முன்னேற்றம்தான். ஆனாலும் வீட்டாருக்கு மட்டும் சொல்லிவிட்டு அவளிடம் 'சின்னக் கட்டி' என்று மறைப்பதை ஏற்க முடியாது. சிகிச்சைக் காலத்தில் கர்ப்பம் கூடாது என்பதைத் தெரிந்துகொள்ள அவளுக்கு உரிமை இருக்கிறது. பிள்ளைகளுக்காகச் செய்ய நினைப்பதைச் செய்ய நேரமும் வேண்டும்.

நான்காவதாக, வேறிடத்துப் புற்று மூளைக்குப் பரவுவது. பெண்களில் மார்பகப் புற்று இதற்கு முக்கியக் காரணம். தலையில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் தெரிந்தால் மார்பைச் சோதிக்காமல் விடக்கூடாது. மாதக்கணக்கில் யாரிடமும் காட்டாமல் மறைத்து வைத்திருந்த மார்புக் கட்டி இப்படித்தான் பலருக்கு வெளியே தெரிகிறது. கேட்பவர் பெண் மருத்துவரோ செவிலியரோ ஆக இருந்தால் பதில் எளிதாக வரும். வீட்டார் அப்படி ஒருவரைக் கேட்டுப் பெறலாம்.

ஸ்கேன் அறையில்

சி.டி.யில் பெரிய கட்டி தெரியும், பிட்யூட்டரியில் உள்ள சிறியது தப்பிவிடும். எம்.ஆர்.ஐ. காந்தம் என்பதால் ஊக்குதான் பெரிய ஆபத்து. நம் பெண்கள் தாலிக்கொடியிலும் ஜாக்கெட்டிலும் வளையலிலும் ஊக்கு கோத்து வைத்திருப்பார்கள். அது பறந்துபோய்க் கண்ணில் குத்தலாம். தங்கத்தைக் காந்தம் இழுக்காது. ஆனால் சூடேறும், படத்தையும் கெடுக்கும், கலப்பு உலோகம் என்ன என்றும் தெரியாது. தாலி, மெட்டி, மூக்குத்தி எல்லாம் கழற்றித்தான் ஆக வேண்டும். தாலியைக் கழற்ற மனம் ஒப்பாதவர்கள் முந்தின நாளே வீட்டில் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிக்கொண்டு வந்தால், அறை வாசலில் அழுகையும் தாமதமும் இல்லை. இறுகிப்போன மூக்குத்தியை முன்கூட்டியே தட்டானிடம் கழற்றிவிடுங்கள். ஜரிகைச் சேலையும் கொண்டை ஊசியும் கண்மையும் வேண்டாம். காப்பர் டி போட்டிருப்பதைச் சொல்ல வேண்டும், அதற்காக ஸ்கேனை நிறுத்தமாட்டார்கள்.

மாத்திரைகளில் நடக்கும் தவறுகள்

வலிப்புக்குப் பெனிட்டாய்ன் மலிவு, எங்கும் கிடைக்கும், அதனால் முதலில் அதையே எழுதிவிடுகிறார்கள். பெண்ணுக்கு அது தரும் தொல்லை தனி. ஈறு தடிக்கும், முகத்தில் முடி வளரும். கல்லீரலில் நொதிகளைத் தூண்டுவதால் மாலா என் போன்ற கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். கார்பமாசெபினும் பினோபார்பிட்டலும் அப்படியே. ஒழுங்காக மாத்திரை விழுங்கியும் கர்ப்பம் தங்கியது எப்படி என்று வீட்டில் சந்தேகச் சண்டை வரும்வரை இதை யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டின் பலத்தையும் பெனிட்டாய்ன் குறைக்கும். வால்புரோவேட்டோ கருவில் முதுகுத்தண்டுக் குறைபாட்டையும் பின்னால் அறிவு வளர்ச்சிக் குறைவையும் உண்டாக்கும். பிள்ளை பெறும் வயதில் வேறு வழி இருக்கும்வரை அது வேண்டாம். லெவெடிராசெட்டம் கருத்தடையோடு மோதாது, கருவுக்கும் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. அதன் கெடுதல் குணத்தில் தெரியும்: எரிச்சல், அழுகை, சட்டென்று கோபம். 'ஆபரேஷனுக்கு அப்புறம் ஆளே மாறிட்டா' என்று வீட்டில் சொன்னால் மாத்திரையைச் சந்தேகிக்க வேண்டும், மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தானாக நிறுத்தக்கூடாது. கர்ப்பத்தில் இதன் அளவு ரத்தத்தில் குறையும் என்பதால் டோஸைக் கூட்ட வேண்டிவரலாம். சித்ராவில் 1998 முதல் வலிப்பு நோயுள்ள கர்ப்பிணிகளுக்கெனத் தனிப் பதிவேடு நடக்கிறது. பிள்ளை வேண்டும் என்று நினைப்பவர்கள் கர்ப்பத்துக்கு முன்பே அங்கே போய்ப் பேசினால் மாத்திரையை மாற்றிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். ஃபோலிக் அமிலமும் கர்ப்பத்துக்கு முன்பே தொடங்க வேண்டும்.

டெக்ஸாமெதசோன் முதல் இரண்டு நாளில் தலைவலியைக் குறைத்து அதிசயம் போலத் தெரியும். அதை நம்பி ஊருக்குப் போய்விட்டு, தீர்ந்ததும் வாங்காமல் விடுபவர்கள் உண்டு. இரண்டு மூன்று வாரம் எடுத்தபின் திடீரென்று நிறுத்தினால் உடல் தன் சொந்த ஸ்டீராய்டைச் சுரக்க மறந்திருக்கும். சோர்ந்து, ரத்த அழுத்தம் விழுந்து, வாந்தியோடு மயங்கலாம். குறைக்கும் அட்டவணையைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். கடைசி வேளையைப் பகல் இரண்டு மணிக்குள் முடித்தால் இரவு தூக்கம் வரும். சர்க்கரை ஏறும், பசி கொல்லும், முகம் உருண்டையாகும். தரையிலிருந்து எழவும் படி ஏறவும் தொடை ஒத்துழைக்காது. கட்டி வளர்கிறது என்று இதைக் கண்டு பயப்பட வேண்டாம், டோஸ் குறையும்போது மெல்லத் திரும்பும். ஒற்றைக் காலில் மட்டும் வீக்கமும் வலியும் வந்தால் அது வேறு விஷயம். மூளைக் கட்டிக்காரர்களுக்குக் காலில் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம், அன்றே காட்ட வேண்டும்.

டெமோசோலோமைடை உடல் பரப்பளவை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 1.5 சதுர மீட்டர் உள்ள பெண்ணுக்குக் கதிர்வீச்சுக் காலம் முழுக்கத் தினமும் சதுர மீட்டருக்கு 75 மில்லிகிராம் வீதம் சுமார் 112 வரும். 100-உம் 20-உமாக இரண்டு கேப்ஸ்யூலில் அதை அணுக்கமாகக் கொடுப்பார்கள். பிறகு 28 நாளுக்கு ஒருமுறை ஐந்து நாள் மட்டும், சதுர மீட்டருக்கு 150 முதல் 200 வீதம். இரண்டு கட்டங்களுக்கும் இடையேதான் உயிருக்கு ஆபத்தான தவறு நடக்கிறது: முதல் கட்டத்தில் தினமும் விழுங்கிய பழக்கத்தில், பெரிய டோஸையும் ஐந்து நாளோடு நிறுத்தாமல் தொடர்ந்துவிடுவது. ரத்த அணுக்கள் அடியோடு விழும். ஐந்து நாளுக்கானதை மட்டும் தனி டப்பாவில் எடுத்து வைத்து, நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். வெறும் வயிற்றில், அரைமணி முன்னதாக வாந்தி மாத்திரையோடு எடுக்க வேண்டும். கேப்ஸ்யூலைப் பிரித்துக் கஞ்சியில் கலக்கக்கூடாது. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் அவர் கையால் தொடவும் வேண்டாம். இந்த மருந்து எடுக்கும் காலத்திலும் முடித்து ஆறு மாதம் வரையிலும் கர்ப்பம் கூடாது. பிள்ளைப்பேறு முடியாத இளம்பெண் கருமுட்டையைச் சேமிக்க விரும்பினால் அதற்குச் சுமார் இரண்டு வாரம் தேவை. அறுவைக்கும் கதிர்வீச்சுக்கும் இடையேயுள்ள சில வாரங்களில் அது முடியும். கேட்டால்தான் முடியும்.

அறுவையும் பேச்சும்

இடப் பக்க மூளையில் பேச்சுப் பகுதிக்கு அருகே கட்டி இருந்தால், சில நேரம் நோயாளியை விழித்திருக்க வைத்து, படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லிக்கொண்டே கட்டியை எடுப்பார்கள். எல்லைப் பகுதியில் இதற்கொரு சிக்கல் உண்டு. விளவங்கோட்டுப் பெண் மலையாளமும் சரளமாகப் பேசுவாள், மருத்துவரும் மலையாளத்திலேயே சோதித்துவிடலாம். ஆனால் வீட்டில் பேசுவது, பிள்ளையைக் கொஞ்சுவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் தமிழில். இரு மொழிக்காரர்களுக்கு இரண்டு மொழியும் ஒரே அளவில் பாதிக்கப்படுவதில்லை, ஒரே வேகத்தில் திரும்புவதும் இல்லை. 'என் வீட்டு மொழி தமிழ், அதில் சோதியுங்கள்' என்று அறுவைக்கு முன்பே சொல்ல வேண்டும். பலாப்பழப் படத்தைப் பார்த்து ஊர் வழக்கில் 'சக்கை' என்றால் அது பிழையில்லை என்பது சோதிப்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அறுவைக்கு முன் நடக்கும் பயிற்சியில் அவள் சொல்லும் பெயர்களையே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்னால் பேச்சுப் பயிற்சிக்கும் அதே விதி.

முடி பற்றிய பேச்சை யாரும் பெரிதாக எடுப்பதில்லை, பெண்ணுக்கு அது பெரிது. தலை முழுக்க மழிப்பது எல்லா இடத்திலும் கட்டாயமில்லை. வெட்டும் கோட்டை ஒட்டி மட்டும் மழிக்க முடியுமா என்று கேட்கலாம். கதிர்வீச்சில் இரண்டு மூன்று வாரத்தில் கதிர் படும் இடத்து முடி உதிரும். பெரும்பாலும் சில மாதங்களில் முளைக்கும், அதிக டோஸ் பட்ட இடத்தில் முளைக்காமலும் போகலாம். தையல் பிரித்துப் புண் முழுக்க ஆறும்வரை அந்த இடத்தில் எண்ணெய் வேண்டாம்.

பிட்யூட்டரி கட்டியை மூக்கு வழியாக எடுத்தவர்களுக்கு ஆபத்து பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகே வருகிறது. ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ரத்தத்தில் சோடியம் சட்டென்று விழக்கூடும். தலைவலி, குமட்டல், குழப்பம், பிறகு வலிப்பு. ஏழாம் நாள் வாக்கில் மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ ஏதாவதொரு லேபில் சோடியம் பார்த்து, எண்ணை மருத்துவமனைக்குச் சொல்லிவிட்டால் போதும். மாறாக, சிறுநீர் ஒரு நாளில் மூன்று லிட்டரைத் தாண்டி, தண்ணீராக, தாகம் அடங்காமல் போனால் அது இன்னொரு கோளாறு, அளந்து குறித்து வையுங்கள். குனிந்தால் மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்புக் கரித்தால் அது மூளைநீர். சளி என்று மூக்கைச் சீந்தக்கூடாது, மூளைக்காய்ச்சல் வருமுன் திரும்பிப் போக வேண்டும். உடல் சுரக்காத ஸ்டீராய்டை ஈடுசெய்யும் ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரை தொடரச் சொல்லியிருந்தால், காய்ச்சல் வந்த நாளில் இரட்டை டோஸ். வாந்தியால் மாத்திரை தங்காவிட்டால் அருகிலுள்ள எந்த மருத்துவமனையிலும் 100 மில்லிகிராம் ஊசி போட்டாக வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதி மணிபர்சில் வைத்திருங்கள். மயங்கிக் கிடப்பவளால் விளக்கிச் சொல்ல முடியாது.

கதிர்வீச்சு நாட்களும் வீட்டு வேலையும்

கதிர்வீச்சை 'கிரே' என்ற அலகில் அளக்கிறார்கள்: கிளியோபிளாஸ்டோமாவுக்கு 60 கிரே, மெனிஞ்சியோமாவுக்குப் பெரும்பாலும் 54 கிரே வரை, இரண்டும் ஏறக்குறைய முப்பது தவணை. வாரம் ஐந்து நாள், ஆறு வாரம். முதலில் முகத்துக்கு அச்சுமுகமூடி செய்வார்கள். ஸ்டீராய்டால் முகம் உப்பினாலோ எடை குறைந்தாலோ அது பொருந்தாமல் போகும், உடனே சொல்ல வேண்டும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர், தினமும் போய்வரலாம் என்று தொடங்குபவர்கள் நான்காம் வாரத்தில் தளர்ந்துவிடுகிறார்கள். களைப்பு கதிர்வீச்சோடு ஏறி, முடிந்த ஒன்றிரண்டு வாரத்தில் உச்சத்துக்குப் போகும். ஆறு வாரமும் தங்க முடியாவிட்டால் கடைசி மூன்று வாரமாவது மருத்துவமனைப் பக்கத்தில் அறை எடுப்பது நல்லது. முடிந்து ஒரு மாதம் கழித்தும் சிலர் நாளெல்லாம் தூங்குவார்கள். அது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் 'ட்ரீட்மெண்ட் முடிஞ்சிடுச்சு' என்று வீட்டார் அடுப்படியை அவளிடம் திருப்பிக் கொடுப்பது சரியாக அந்த வாரங்களில்தான்.

வலிப்பு வந்தவர்களுக்கு ஆபத்து எங்கே என்பதை ஊரை வைத்துத்தான் சொல்ல முடியும். குளத்திலும் ஆற்றிலும் தனியாகக் குளிப்பதை நிறுத்த வேண்டும், இடுப்பளவு நீரிலும் மூழ்கலாம். கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றில் நீர் இறைக்கக்கூடாது. அடுப்பைத் தரையை ஒட்டி வைக்காமல் மேடையில் பின்தள்ளி வைத்து, பாத்திரத்தின் பிடியை உள்பக்கம் திருப்பி வையுங்கள். குளியலறைக் கதவைத் தாழிட வேண்டாம். ரப்பர் வெட்டப் போகும் பெண் இருட்டோடு எழுகிறாள். தூக்கம் கெடுவது வலிப்பைத் தூண்டும், கையில் கூர்மையான கத்தியும் இருக்கும், தோட்டத்தில் பக்கத்தில் ஆளும் இருக்காது. ரப்பர் வெட்டை விட்டு, உறையூற்றிய பாலை ஷீட் அடிப்பது போன்ற பகல் வேலைக்கு மாற முடியுமா என்று பார்க்கலாம், உருளை இயந்திரத்தில் கை போகாத வேலையாக. விரல்கள் தளர்ந்தவர்களுக்குப் பந்து அழுத்தும் பயிற்சியைவிடத் தோவாளைப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த பூக்கட்டும் வேலை நல்ல பயிற்சி. இரு கையும், கண்ணும், ஒழுங்கும் சேர்ந்து வேலை செய்யும்.

வலிப்பு வரும்போது இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் வேண்டாம். ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரம் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் வண்டி ஏற்ற வேண்டும். இதைச் சாக்காக வைத்து மணமுறிவு என்று மிரட்டும் குடும்பங்களுக்கும் ஒரு செய்தி: வலிப்பு நோயைத் திருமணத் தகுதிக்குறைவாக வைத்திருந்த விதியை 1999-லேயே இந்து திருமணச் சட்டத்திலிருந்தும் சிறப்புத் திருமணச் சட்டத்திலிருந்தும் நீக்கிவிட்டார்கள்.

பணமும் பைலும்

தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய், குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எல்லை தாண்டினால் அந்த அட்டை செல்லுமா என்பது மருத்துவமனைக்கு மருத்துவமனை, சிகிச்சைக்குச் சிகிச்சை வேறுபடும். சேர்வதற்கு முன்பே அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் அட்டை எண்ணைக் காட்டிக் கேளுங்கள். பில் வந்தபின் கேட்டுப் பயனில்லை. அறுவை ஓரிடத்திலும் கதிர்வீச்சு ஊருக்குப் பக்கத்தில் இன்னோரிடத்திலும் என்று பிரிக்க முடியுமா என்பதையும் அங்கேயே பேசலாம். நெற்றிப் பகுதிக் கட்டியும் அதன் அறுவையும் கையெழுத்தையும் தீர்மானிக்கும் திறனையும் பாதிக்கக்கூடும். அவள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கு, நகைக்கடன், சுயஉதவிக்குழுக் கடன் ஆகியவற்றுக்கு அவள் தெளிவாக இருக்கும்போதே, அவள் விருப்பப்படி, வாரிசு நியமனம் செய்து வைத்துவிட வேண்டும்.

பைலின் முதல் பக்கத்தில் ஒரே தாளில் இவை இருக்கட்டும்: கட்டியின் பெயரும் தரமும், அறுவை தேதி, கதிர்வீச்சின் மொத்த அளவு, இப்போதைய மாத்திரைகள் மில்லிகிராமோடு, ஒவ்வாமை, கடைசி மாதவிலக்கு, கருத்தடை முறை. பிரசவத்துக்குப் போனாலும் பல் பிடுங்கப் போனாலும் இந்தத் தாளைக் காட்டலாம். பிட்யூட்டரிக்கு அருகே கதிர் பட்டவர்களுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் தைராய்டும் கார்ட்டிசோலும் மாதவிலக்கும் மெல்லக் குறையலாம். ஆண்டுக்கொருமுறை ரத்தம் பார்க்க வேண்டும். முதல் தர மெனிஞ்சியோமாவை எடுத்தவர்களுக்கு ஐந்தாண்டு வரை ஆண்டுக்கு ஒன்று, பிறகு இரண்டாண்டுக்கு ஒன்று என எம்.ஆர்.ஐ. தொடரும். கர்ப்பம் திட்டமிட்டால் அதற்கு முன் ஒருமுறை எடுத்துக்கொள்வது நல்லது. ஒவ்வொரு முறையும் பழைய ஸ்கேனின் சி.டி.யையும் கொண்டுபோங்கள். ரிப்போர்ட் மட்டும் போதாது. இரண்டு மில்லிமீட்டர் வளர்ந்திருக்கிறதா என்பதை மருத்துவர் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் சொல்ல முடியும்.